ஊழியர்களின் மன அழுத்தம், நலன் பற்றி ஆய்வு செய்ய எந்தக் கேள்வித்தாள் நல்லது? 400 பேரில் எத்தனை பேரிடம் கேட்டால் போதும்?

எம்.பி.ஏ. புராஜெக்ட்டுக்காகக் கேட்கிறீர்களா, எச்.ஆர். வேலையில் மேலிடம் சொன்னதற்காகக் கேட்கிறீர்களா என்று கேள்வியில் இல்லை. எதுவானாலும் ஒரு கூகுள் ஃபார்ம் பாதி தயாராகியிருக்கும், அதன் முதல் வரி "உங்களுக்கு வேலையில் மன அழுத்தம் உண்டா? ஆம் / இல்லை" என்று இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். முதலில் அதை அழித்துவிடுங்கள்.

அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று விஷயங்கள் மாட்டிக்கொண்டிருக்கின்றன. வேலையில் இருக்கும் சுமை ஒன்று. அந்தச் சுமையால் ஆளுக்குள் நடப்பது இன்னொன்று: தூக்கமின்மை, எரிச்சல், சோர்வு. மூன்றாவது மனச்சோர்வு நோய். பேச்சு வழக்கில் அதையும் பலர் "மன அழுத்தம்" என்றே சொல்கிறார்கள். "ஆம்" என்று டிக் அடித்தவர் இந்த மூன்றில் எதற்கு அடித்தார் என்று உங்களுக்குத் தெரியாது. "இல்லை" என்றவர், "எனக்கென்ன பைத்தியமா?" என்று நினைத்து அடித்திருக்கலாம்.

ஆகவே காரணத்துக்கு ஓர் அளவுகோல், விளைவுக்கு ஓர் அளவுகோல் என்று தனித்தனியாக எடுங்கள். விளைவை மட்டும் அளந்தால் "ஊழியர்கள் களைத்திருக்கிறார்கள்" என்று அறிக்கை வரும். அது ஏற்கெனவே எல்லோருக்கும் தெரியும். வேலையின் எந்தப் பகுதியைத் திருத்துவது என்று அதிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. கடைசிப் பக்கத்தில் "யோகா வகுப்பு நடத்தலாம்" என்ற பரிந்துரை வந்து உட்காருவது அதனால்தான். யோகா மீது எனக்குப் பகை எதுவும் இல்லை, யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ஆனால் மூன்று பேர் செய்ய வேண்டிய வேலையை ஒருவர் செய்யும் இடத்தில் அது எதையும் குறைக்காது.

காரணத்துக்கு: பணியிடப் பாதுகாப்பைக் கவனிக்கும் பிரிட்டன் அரசின் ஹெச்.எஸ்.இ. அமைப்பு 2004இல் வெளியிட்ட மேலாண்மைத் தரங்களோடு வரும் 35 கேள்விகள். காசில்லாமல் பயன்படுத்தலாம். ஏழு பிரிவுகள்: வேலைச்சுமை 8 கேள்வி, தீர்மானிக்கும் உரிமை 6, மேலாளர் ஆதரவு 5, சக ஊழியர் ஆதரவு 4, உறவுகள் 4, பொறுப்பில் தெளிவு 5, மாற்றங்களைக் கையாளும் விதம் 3. இதில் வேலைச்சுமை, உறவுகள் ஆகிய இரண்டின் 12 கேள்விகளுக்கும் மதிப்பெண்ணைத் தலைகீழாக மாற்ற வேண்டும் (5 என்றால் 1, 4 என்றால் 2 என்று). மாற்றிய பிறகு எல்லாப் பிரிவிலும் எண் கூடினால் நல்லது என்று பொருள். இன்னும் விரிவாக வேண்டுமென்றால் கோபன்ஹேகன் உளசமூகக் கேள்வித்தாள் இருக்கிறது. ஆனால் உங்களுக்கு இரண்டு மாதம்தான் அவகாசம் என்றால் அதன் நீளப் பதிப்பைத் தொடாதீர்கள்.

விளைவுக்கு: டபிள்யூ.ஹெச்.ஓ-5 நல்வாழ்வுக் குறியீடு. ஐந்தே கேள்வி, கடந்த இரண்டு வாரம் பற்றி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை. கூட்டினால் 25க்குள் வரும், 4ஆல் பெருக்கினால் 100க்கு. கூட்டுத்தொகை 13க்குக் கீழே போனால் மனச்சோர்வு உண்டா என்று மேலும் பார்ப்பது நல்லது என்பதற்கான அறிகுறி. அது நோய்க்கணிப்பு அல்ல. இதனோடு, பர்ன்அவுட்டை, அதாவது வேலையால் ஆள் முற்றிலும் களைத்துப்போவதை அளக்கும் கோபன்ஹேகன் பர்ன்அவுட் அளவுகோலின் வேலை தொடர்பான 7 கேள்விகளைச் சேருங்கள். 100, 75, 50, 25, 0 என்று மதிப்பிட்டு சராசரி எடுக்க வேண்டும். குடும்பத்துக்கும் நண்பர்களுக்கும் செலவிடத் தெம்பு மிச்சம் இருக்கிறதா என்ற கேள்விக்கு மட்டும் தலைகீழ்.

மொத்தம் 47. வயது, பிரிவு என்று ஐந்து சேர்த்தால் 52. பத்துப் பன்னிரண்டு நிமிட வேலை. இதற்கு மேல் நீட்டினால் கடைசிப் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் "3" என்று நேர்கோட்டில் அடித்துவிட்டுப் போவார்கள்.

பர்ன்அவுட்டுக்கு மாஸ்லாக் அளவுகோலை ஏன் சொல்லவில்லை என்று யாராவது கேட்பார்கள். 22 கேள்விகள், 1981இலிருந்து புழக்கத்தில் இருப்பது, நல்ல கருவிதான். ஆனால் கட்டண உரிமம் வேண்டும். அதோடு, உணர்வுக் களைப்பு, விலகல், சாதனை உணர்வு என்ற மூன்று பிரிவுகளையும் கூட்டி ஒரே எண்ணாக்கி "பர்ன்அவுட் 64 சதவீதம்" என்று எழுதும் வழக்கம் ஒன்று இருக்கிறது. அப்படிக் கூட்டக் கூடாது. ஒருவர் உணரும் அழுத்தத்தைப் பத்துக் கேள்விகளில் அளக்கும் பி.எஸ்.எஸ்-10 பற்றியும் ஒரு வார்த்தை. 0 முதல் 13 வரை குறைவு, 14 முதல் 26 வரை நடுத்தரம், 27 முதல் கடுமை என்று இணையமெங்கும் ஓர் அட்டவணை சுற்றுகிறது. அளவுகோலை உருவாக்கியவர்கள் அப்படி எல்லை எதுவும் வகுக்கவில்லை. குழுக்களை ஒப்பிடத்தான் அது. 4, 5, 7, 8ஆம் கேள்விகளைத் திருப்ப மறந்தால் அதுவும் பயன்படாது.

இன்னொன்று: பர்ன்அவுட் என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பட்டியலின் 11ஆம் பதிப்பு, வேலையோடு தொடர்புடைய ஒரு நிகழ்வாகத்தான் சேர்த்திருக்கிறது, நோயாக அல்ல. "இத்தனை பேருக்கு பர்ன்அவுட் நோய் கண்டறியப்பட்டது" என்று எழுதிவிடாதீர்கள்.

இப்போது மொழிபெயர்ப்பு. பெரும்பாலான ஆய்வுகள் கவிழும் இடம் இதுதான் என்பது என் கருத்து, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். வேலை அழுத்தம் பற்றிய கோட்பாடுகளில் அதிகம் புழங்குவது கராசெக் என்ற ஆய்வாளர் 1979இல் முன்வைத்த மாதிரி. சுமை மட்டும் ஆளைக் கெடுப்பதில்லை, சுமை அதிகம், தன் வேலையைத் தானே தீர்மானிக்கும் உரிமை குறைவு என்ற சேர்க்கைதான் மோசம் என்பது அதன் சாரம். லண்டன் அரசு ஊழியர்கள் 10,308 பேரை 1985 முதல் பின்தொடர்ந்த வைட்ஹால் இரண்டாம் ஆய்விலும், தீர்மானிக்கும் உரிமை குறைந்தவர்களுக்கு இதய நோய் அதிகம் வந்தது. அந்த உரிமைக்கு ஆங்கிலத்தில் இருக்கும் சொல் "கன்ட்ரோல்". அகராதியைப் பார்த்து "கட்டுப்பாடு" என்று போட்டுவிடுகிறார்கள். "என் வேலையில் எனக்குக் கட்டுப்பாடு அதிகம்" என்று படிப்பவர் என்ன புரிந்துகொள்வார்? "ஆமாம், கழிப்பறைக்குப் போகக்கூட அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது" என்று "முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்" அடிப்பார். அளவுகோலின் பொருளே தலைகீழாகிவிட்டது. "எந்த வேலையை முதலில் செய்வது என்று நானே முடிவு செய்ய முடிகிறது" என்று முழு வாக்கியமாக எழுதுங்கள்.

அடுத்த தொல்லை எதிர்மறை. "மேலாளர் எனக்கு உதவுவதில்லை" என்று கேள்வி, "ஒருபோதும் இல்லை" என்று பதில். இது உதவுகிறார் என்றா, உதவவே மாட்டார் என்றா? எழுத்துப்படி ஒன்று, காதில் விழுவது வேறு. மூலக் கேள்வி உடன்பாட்டில் இருந்தால் உடன்பாட்டிலேயே எழுதுங்கள், எதிர்மறையில் இருந்தால் "மறுக்கிறார்", "தவிர்க்கிறார்" போன்ற வினையால் திருப்புங்கள். "எப்போதாவது", "சில நேரம்", "அவ்வப்போது" மூன்றையும் ஒரே வரிசையில் வைக்காதீர்கள், எது அதிகம் என்று ஆளுக்கு ஆள் மாறும். இரண்டு பேர் தனித்தனியாக மொழிபெயர்த்து ஒன்றாக்குங்கள். மூலத்தைப் பார்க்காத மூன்றாமவர் திரும்ப ஆங்கிலமாக்கட்டும். பிறகு ஆறேழு ஊழியர்களை உட்காரவைத்து, ஒவ்வொரு கேள்வியையும் படித்து "இதற்கு என்ன புரிந்தது, ஏன் இந்தப் பதில்?" என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். இரண்டு பிற்பகல் போதும்.

இந்த இடத்தில் ஒரு வயிற்றெரிச்சல், கேள்விக்குச் சம்பந்தமில்லாதது. கருத்துத் திருட்டைக் கண்டுபிடிக்கும் மென்பொருளில் சதவீதம் கூடிவிடும் என்று பயந்து, தரப்படுத்தப்பட்ட கேள்விகளையே சொந்த வார்த்தையில் மாற்றி எழுதச் சொல்லும் வழிகாட்டிகள் இருக்கிறார்கள். ஆயிரக்கணக்கானவர்களிடம் சோதித்து உறுதிசெய்த வாக்கியத்தை மாற்றினால் அந்தச் சோதனை எதுவும் உங்களுக்குச் சேராது. கேள்வியை அப்படியே எடுப்பது திருட்டு அல்ல, கருவியை இருக்கிறபடி பயன்படுத்துவது. கேள்வித்தாள் இருக்கும் பிற்சேர்க்கையை அந்த மென்பொருள் சோதனையிலிருந்து விலக்கச் சொல்லிப் பாருங்கள். மாணவரைக் குறை சொல்லவில்லை, அவர் பாவம்.

ரகசியத்துக்கு வருவோம். "உங்கள் பதில் ரகசியமாக வைக்கப்படும்" என்று மேலே எழுதிவிட்டு, கீழே பிரிவு, பாலினம், வயது, பதவி, பணியாண்டு எல்லாம் கேட்டால் ஊழியர் சிரிப்பார். எட்டுப் பேர் உள்ள பிரிவில் 45 வயதுப் பெண் ஒருவர்தான் என்றால் பெயர் கேட்கவே வேண்டாம். வயதைப் பத்தாண்டுத் தொகுப்பாகக் கேளுங்கள். பதவியும் பணியாண்டும் சேர்ந்து வேண்டாம், ஒன்று போதும். பத்துப் பேருக்குக் குறைவான பதில் வந்த பிரிவின் முடிவைத் தனியாக வெளியிடாமல் பக்கத்துப் பிரிவோடு சேருங்கள். இந்த விதியைக் கேள்வித்தாளின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள், நம்பிக்கை வருவது அதனால்தான். கூகுள் ஃபார்மில் மின்னஞ்சல் சேகரிப்பை அணைத்துவிடுங்கள். "ஒருவருக்கு ஒரு பதில்" என்ற வசதியைப் போட்டால் லாகின் கேட்கும். உங்களுக்கு முகவரி தெரியாவிட்டாலும் ஊழியர் நம்ப மாட்டார். ஒருவர் இரண்டு முறை நிரப்பும் அபாயம் அதைவிடச் சிறியது.

இணைப்பை மேலாளர் வழியாக அனுப்பாதீர்கள். "எல்லோரும் போட்டாச்சா?" என்று அவர் ஒருமுறை கேட்டாலே தரவு கெட்டுவிடும். சம்பள உயர்வு மதிப்பீடு நடக்கும் மாதம், ஆட்குறைப்பு அறிவித்த வாரம், நீண்ட விடுமுறை முடிந்த வாரம் வேண்டாம். இரண்டு வாரத்தைப் பற்றிக் கேட்கும் அளவுகோல் அந்த விடுமுறையைத்தான் அளக்கும்.

எத்தனை பேர்? 95 சதவீத நம்பிக்கை, 5 சதவீதப் பிழை என்ற வாய்பாட்டில் பெரிய மக்கள்தொகைக்கு 384 வரும், அதை 400 பேருக்குத் திருத்தினால் 197. உங்கள் வழிகாட்டி கேட்டால் இந்த எண்ணைச் சொல்லுங்கள். ஆனால் அந்த வாய்பாடு குலுக்கல் முறையில் எடுத்த மாதிரிக்கானது, கிடைத்தவர்களிடம் நிரப்பி வாங்கியதற்கு அல்ல. 400 பேர்தானே, எல்லோரிடமும் கேளுங்கள். கவலைப்பட வேண்டியது யார் பதில் சொல்லவில்லை என்பதைப் பற்றி. மூச்சுவிட நேரமில்லாதவரும் வெறுத்துப்போனவரும் ஃபார்மைத் திறக்கவே மாட்டார்கள். நோய் விடுப்பில் இருப்பவர், தாங்காமல் வேலையை விட்டவர் பட்டியலிலேயே இல்லை. நிறுவன மின்னஞ்சல் இல்லாத ஒப்பந்தத் தொழிலாளர், இரவு ஷிஃப்ட் ஆட்கள் விடுபடுவார்கள். அவர்களுக்குத் தாளில் அச்சிட்டு, பூட்டிய பெட்டி வையுங்கள். பிரிவு வாரியாகப் பதில் வந்த விகிதத்தைச் சம்பளப் பட்டியலோடு ஒப்பிட்டு அறிக்கையில் போடுங்கள்.

கணக்குப் போடும்போது முதலில் தலைகீழ்க் கேள்விகளைத் திருப்புங்கள். ஒரு பிரிவின் கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் க்ரான்பாக் ஆல்ஃபா என்ற எண் 0.3 என்றோ, எதிர்மறையாகவோ வந்தால் பத்துக்கு ஒன்பது முறை காரணம் இந்த மறதிதான். 0.7க்குக் கீழே இருந்தால் எந்தக் கேள்வி மற்றவற்றோடு ஒட்டவில்லை என்று பாருங்கள், பெரும்பாலும் மொழிபெயர்ப்பில் சறுக்கிய கேள்வியாக இருக்கும்.

அடுத்து, ஒரே ஆள், ஒரே நாள், ஒரே ஃபார்மில் காரணத்தையும் விளைவையும் சொல்கிறார். காலையில் மேலாளரோடு சண்டை போட்டவர் இரண்டையும் மோசமாகவே சொல்வார். காரணத்துக்கும் விளைவுக்கும் இடையிலான தொடர்பெண் 0.5 வந்ததும் துள்ள வேண்டாம், அதில் ஒரு பங்கு அன்றைய மனநிலை. இந்தக் கலப்படம் இருக்கிறதா என்று பார்க்கும் ஹார்மன் சோதனை போட்டுவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது, பலவீனமான சோதனை அது. வேறு இடத்திலிருந்து தரவு கொண்டுவருவதே வழி: பிரிவு வாரியாகக் கடந்த ஆறு மாதக் கூடுதல் நேரம், விடுப்பு நாட்கள், வேலையை விட்டவர்கள் எண்ணிக்கை. இவை எச்.ஆர். பதிவேட்டில் இருக்கும். ஆட்களின் பெயர் இல்லாமல் மொத்தமாகக் கேட்டால் பெரும்பாலும் தருவார்கள்.

உமிழ்நீரில் கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோனை அளக்கலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். விழித்தவுடன், 30 நிமிடத்தில், 45 நிமிடத்தில் என்று, சாப்பிடாமல் பல் துலக்காமல், இரண்டு நாளாவது எடுக்க வேண்டும். பதினொரு மணிக்கு அலுவலகத்தில் எடுத்த ஒற்றை மாதிரியால் ஒன்றும் தெரியாது. விட்டுவிடுங்கள்.

பயிற்சி கொடுத்து முன்னும் பின்னும் அளக்கும் திட்டம் இருந்தால், அழுத்தம் மிக அதிகமாக இருந்தவர்களை மட்டும் பொறுக்காதீர்கள். உச்சத்தில் இருந்தவர்கள் எதுவும் செய்யாமலே அடுத்த முறை சராசரிப் பக்கம் இறங்குவார்கள், அது பயிற்சியின் வெற்றியாகத் தெரியும். இன்னொரு குழுவைக் காத்திருப்பில் வைத்து ஒப்பிடுங்கள்.

பெயர் இல்லாத ஃபார்மில் ஒருவர் டபிள்யூ.ஹெச்.ஓ-5இல் பூஜ்யம் எடுத்தால் அவரை நீங்கள் தேடிப்போக முடியாது. அதனால் கடைசிப் பக்கத்தில் உதவி எண்ணும், ஆலோசகரைத் தொடர்புகொள்ளும் வழியும் எல்லோருக்கும் தெரியும்படி இருக்க வேண்டும்.

கடைசியில் "வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?" என்ற திறந்த கேள்வி வையுங்கள், உண்மையான சரக்கு பல நேரம் அங்கேதான் கிடைக்கும். ஆனால் அந்த வரிகளை அப்படியே அறிக்கையில் ஒட்டாதீர்கள். "அதாவது சார்" என்று தொடங்கும் பழக்கத்தை வைத்தே எழுதியவர் யார் என்று மேலாளர் சொல்லிவிடுவார்.