ஷோரூமில் கொடுத்த ஃபாஸ்டேக்: ஒட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியது

நீங்கள் கேட்டது: "புது கார் எடுத்திருக்கிறேன். ஷோரூமிலேயே ஃபாஸ்டேக் கொடுத்துவிட்டார்கள். எங்கே ஒட்டுவது, வேறென்ன செய்ய வேண்டும்?"

ஃபாஸ்டேக் என்பது டோல்கேட்டில் கட்டணத்தைத் தானாகக் கழித்துக்கொள்ளும் ஸ்டிக்கர். ஒட்டுவது ஐந்து நிமிஷ வேலை, அதைக் கீழே சொல்கிறேன். அதற்கு முன்னால் அந்த டேக் எந்த எண்ணில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். வண்டி டெலிவரி ஆகும்போது ஆர்.சி. (பதிவுச் சான்றிதழ்) வந்திருக்காது. அதனால் வண்டியின் உடலில் பொறித்திருக்கும் சேசிஸ் நம்பரை வைத்துத்தான் டேக்கைப் பதிவு செய்து கொடுப்பார்கள். ஆர்.சி. வந்த பிறகு வண்டி எண்ணை நாம்தான் வங்கிக்குத் தெரிவித்து மாற்றிக்கொள்ள வேண்டும். வாங்கியதிலிருந்து 90 நாளுக்குள் மாற்ற வேண்டும்; 120 நாளிலும் மாறவில்லை என்றால் டேக் பிளாக்லிஸ்டில் போய்விடும், அதாவது டோல்கேட்டில் செல்லாது.

எங்கள் வீட்டில் அப்படித்தான் ஆனது. 2024 விநாயகர் சதுர்த்தியன்று அப்பா பெயரில் கார் எடுத்தோம். அந்த நான்கு மாதமும் பெருங்களத்தூரைச் சுற்றியே ஓடியதால் டோல்கேட் பக்கமே போகவில்லை. பொங்கலுக்கு விழுப்புரம் கிளம்பி, பரனூரில் வரிசையில் நின்று எங்கள் முறை வந்தபோது கட்டை தூக்கவில்லை. ஊழியர் கை மெஷினைக் கொண்டுவந்து கண்ணாடி மேல் காட்டினார். திரையில் சிவப்பு எழுத்து. "பிளாக்லிஸ்ட்டுனு வருது சார், டபுள் கட்டணும்." அப்பா போனை நீட்டி, "பேலன்ஸ் இருக்கே தம்பி, நேத்துதான் ஆயிரம் போட்டேன்" என்றார். பின்னால் ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. அப்பா ஒன்றும் பேசாமல் இரண்டு மடங்கு பணத்தை எண்ணிக் கொடுத்தார். எழுபது வயதில், செய்யாத தப்புக்கு அத்தனை பேர் முன்னால் நின்ற அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. விசாரித்தபோதுதான் தெரிந்தது, படிவத்தில் அப்பாவின் பழைய செல் நம்பரை ஏற்றியிருக்கிறார்கள். எச்சரிக்கை மெசேஜ் எதுவுமே எங்களுக்கு வரவில்லை.

ஆகவே டேக் கொடுத்த வங்கியின் ஆப்பில் இன்றே உள்ளே போய், செல் நம்பர் உங்களுடையதுதானா என்று பாருங்கள். ஆர்.சி. கைக்கு வந்ததும் இரண்டு பக்கமும் படம் எடுத்து ஏற்றுங்கள். வண்டி எண் மாறிவிட்டதா, டேக் நடப்பில் இருக்கிறதா என்பதை ஃபாஸ்டேக் பணப் பரிமாற்றத்தை நடத்தும் என்.பி.சி.ஐ. இணையதளத்திலும் வண்டி எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். எண் சரி என்றால் பாதிக் கவலை தீர்ந்தது. காருக்கு வரும் டேக் ஊதா நிறத்தில் இருக்கும், அதையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி ஒட்டுவது. ரியர் வியூ கண்ணாடிக்குப் பின்னால், முன்கண்ணாடியின் உட்புறத்தில், மேல்பக்கம் நடுவில். புது வண்டிக் கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிசுக்கு இருக்கும். விரலால் தேய்த்துப் பாருங்கள், தெரியும். அதை ஈரத்துணியால் துடைத்து, பிறகு காய்ந்த துணியால் ஈரம் போகத் துடையுங்கள். வெயிலில் நின்ற வண்டி என்றால் கண்ணாடி ஆறட்டும். பின்தாளை உரித்து, நடுவிலிருந்து ஓரத்துக்குக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போனால் காற்றுக்குமிழி நிற்காது. மடிக்கக் கூடாது. கோணலாகிவிட்டது என்று உரித்து ஒட்டவும் கூடாது. உள்ளே பேட்டரி எதுவும் கிடையாது. மெல்லிய உலோக ஆன்டெனாவும் ஒரு சிப்பும்தான். டோல்கேட்டில் மேலே இருக்கும் ரீடர் அனுப்பும் ரேடியோ அலையிலிருந்தே சக்தி எடுத்துப் பதில் சொல்கிறது. உரித்தால் அந்த ஆன்டெனா கிழிந்துவிடும். மெட்டல் கலந்த சன்ஃபிலிம் மேலே ஒட்டினாலும் அலை போகாது. சில கார்களில் வெப்பம் தடுக்கும் பூச்சுள்ள கண்ணாடி வருகிறது. அதில் டேக் ஒட்டவென்றே ஓர் இடம் விட்டிருப்பார்கள், கார் கையேட்டில் பாருங்கள்.

ஒட்டாமல் டேஷ்போர்டில் வைத்துக்கொண்டு தேவைப்படும்போது கையால் காட்டலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். அப்படிக் கையில் காட்டும் டேக்குகளைப் பிளாக்லிஸ்ட் செய்யச் சொல்லி 2025 ஜூலையில் தேசிய நெடுஞ்சாலை ஆணையம் உத்தரவு போட்டிருக்கிறது.

டோல்கேட்டில் முன்வண்டியை ஒட்டிப் போகாமல் ஒரு கார் நீளமாவது இடைவெளி விடுங்கள். டேக் வேலை செய்யாமல் போனால், 2025 நவம்பர் 15 முதல் நடப்புக்கு வந்த விதிப்படி, ரொக்கத்துக்கு இரண்டு மடங்கு கட்டணம். யு.பி.ஐ.யில் கட்டினால் ஒன்றேகால் மடங்கு. ஆனால் தேசிய நெடுஞ்சாலையில் உங்கள் டேக் சரியாக இருந்து, பேலன்ஸும் இருந்து, அவர்கள் மெஷின் படிக்கவில்லை என்றால் நீங்கள் பணம் கட்ட வேண்டியதில்லை. பூஜ்ய ரூபாய் ரசீது கொடுத்து விட வேண்டும் என்று 2018இலேயே விதி வந்துவிட்டது. இது தெரியாமல் எத்தனையோ பேர் பணம் கட்டிவிட்டுப் போகிறார்கள். மறுத்தால் அங்கேயே நின்று நெடுஞ்சாலை உதவி எண்ணான 1033க்குப் போன் செய்யுங்கள்.

ஊருக்கு அடிக்கடி போகிறவர் என்றால் ஃபாஸ்டேக் ஆண்டு பாஸ் எடுங்கள். 2025 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியபோது விலை 3,000 ரூபாய். 200 முறை அல்லது ஒரு வருஷம், எது முன்னால் முடிகிறதோ அதுவரை. ஒரு டோல்கேட்டை ஒரு தடவை தாண்டினால் ஒரு முறை, அந்த விலையில் ஒரு தடவை தாண்ட 15 ரூபாய். எங்களுக்குப் பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, போக வர ஆறு. முப்பத்து மூன்று தடவை ஊருக்குப் போய் வரலாம். தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் ராஜ்மார்க் யாத்ரா ஆப்பில் வாங்கலாம். சேசிஸ் நம்பரில் மட்டும் பதிவான டேக்குக்கு இந்தப் பாஸ் கிடைக்காது, முதலில் வண்டி எண்ணை ஏற்ற வேண்டும்.

பாஸ் எடுத்தாலும் டேக்கில் நூறு இருநூறு வைத்திருங்கள். பாஸ் தேசிய நெடுஞ்சாலைக்கும் தேசிய விரைவுச்சாலைக்கும் மட்டும்தான் செல்லும். ஈ.சி.ஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை) மகாபலிபுரம் போகும்போது உத்தண்டி டோல்கேட் மாநிலச் சாலையில் இருக்கிறது. வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையும் அப்படியே. அங்கெல்லாம் வழக்கமான கட்டணம் பேலன்ஸிலிருந்துதான் போகும்.