மகன் போட்ட இரண்டாவது பூட்டு

கேள்வி: சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் மகன் பொங்கலுக்கு வந்தபோது என் ஜிமெயிலுக்கும் வாட்ஸ்அப்புக்கும் 'டூ ஸ்டெப்' என்று ஏதோ போட்டுவிட்டுப் போய்விட்டான். பாஸ்வேர்டு போதாதென்று இப்போது ஆறு எண் வேறு கேட்கிறது. எனக்கு வயது 64. பாங்குக்குத்தான் எஸ்.எம்.எஸ்ஸில் ஓடிபி வருகிறதே, அது போதாதா? இதை எடுத்துவிடலாமா?
- ஒரு வாசகி, பட்டுக்கோட்டை

பதில்: எடுக்காதீர்கள் அம்மா. ஏடிஎம்மில் இத்தனை வருஷமாக நீங்கள் செய்வதுதான் இதுவும். கார்டு பர்ஸில், நாலு எண் மனசில். கார்டைத் திருடியவனுக்கு எண் தெரியாது. எண்ணை எட்டிப் பார்த்தவனிடம் கார்டு இருக்காது. ஜிமெயிலில் பாஸ்வேர்டு அந்த எண் மாதிரி, போன் கார்டு மாதிரி. தினமும் தொந்தரவு செய்யாது. புதுப் போனிலோ வேறு கம்ப்யூட்டரிலோ நுழையும்போதுதான் பெரும்பாலும் கேட்கும்.

வாட்ஸ்அப்பில்தான் எல்லோரும் குழம்புகிறார்கள். அங்கே இரண்டு ஆறு எண்கள் உண்டு. ஒன்று, உங்கள் நம்பரை யாராவது ஒரு போனில் பதியும்போது எஸ்.எம்.எஸ்ஸில் வருவது. இன்னொன்று, உங்கள் மகன் வைத்த நிரந்தர பின் நம்பர். மறந்துவிடக் கூடாதே என்று அதை அவ்வப்போது கேட்டுப் பார்க்கும். போன மாதம் என் சர்வீஸ் கடைக்கு ஓர் அம்மா வந்தார். பஜனைக் குழுத் தோழியின் பெயரில், "தவறுதலாக உன் நம்பருக்கு ஒரு கோடு வந்துவிட்டது, அனுப்பு" என்று மெசேஜ். அனுப்பிவிட்டார். பத்தே நிமிஷத்தில் இவர் வாட்ஸ்அப் இவரிடம் இல்லை. சொந்தக்காரர்களுக்கெல்லாம் இவர் பெயரில் "அவசரமாக ஐயாயிரம் போடு" என்று போகிறது. பின் நம்பர் வைத்திருந்தால் அந்த ஆள் வாசலிலேயே நின்றிருப்பான். அவர் வைக்கவில்லை, வந்தவன் வைத்துவிட்டான். திரும்ப எஸ்.எம்.எஸ் கோடு போட்டதும் அவன் வெளியே போய்விட்டான், உண்மைதான். ஆனால் அவன் வைத்த பின் தெரியாததால் இவர் உள்ளே போக ஏழு நாள் காத்திருந்தார்.

ஜிமெயிலுக்கு உங்கள் மகன் ஆதென்டிகேட்டர் ஆப் (அந்த ஆறு எண்ணைப் போனிலேயே காட்டும் ஆப்) போட்டிருந்தால் 30 விநாடிக்கு ஒருமுறை எண் மாறும். அதற்கு நெட்டும் வேண்டாம், டவரும் வேண்டாம். முதல் நாள் ஸ்கேன் செய்த க்யூஆர் கட்டத்துக்குள் ஒரு ரகசியச் சாவி இருக்கிறது. அதையும் மணியையும் வைத்து உங்கள் போனும் கூகுளும் தனித்தனியே ஒரே கணக்கைப் போடுகின்றன. ஒரு மளிகைக்கடைக்காரர் "எண் சரியாகவே வருவதில்லை" என்று சண்டைக்கு வந்தார். பார்த்தால், பஸ்ஸை விட்டுவிடக் கூடாதென்று போன் கடிகாரத்தை ஐந்து நிமிஷம் முன்னால் வைத்திருக்கிறார்! தானாக மணி பார்த்துக்கொள்ளும்படி மாற்றினேன், சரியாகிவிட்டது.

உங்கள் எஸ்.எம்.எஸ் கேள்விக்கு வருகிறேன். ஆன்லைனில் கார்டு போட்டு வாங்கும்போது இரண்டாவது சரிபார்ப்பு வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2009-லேயே கட்டாயமாக்கிவிட்டது. ஒன்றும் இல்லாததற்கு எஸ்.எம்.எஸ் எவ்வளவோ மேல். ஆனால் அது சிம்மைத் தேடித்தான் போகும். உங்கள் பெயரில் வேறொருவன் டூப்ளிகேட் சிம் வாங்கிவிட்டால் ஓடிபியும் அவனிடம் போகும். பக்கத்தில் எல்லோருக்கும் சிக்னல் இருந்து உங்களுக்கு மட்டும் மணிக்கணக்கில் இல்லையென்றால், டவர் கோளாறு என்று சும்மா இருந்துவிடாதீர்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அடியுங்கள்.

சரி, பூட்டைப் பற்றியே பேசுகிறோம், மாற்றுச் சாவி எங்கே? இதில் நானே அடிபட்டவன். ஊருக்கெல்லாம் ஆப் போட்டுக் கொடுத்துவிட்டு, என் போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்த அன்று என் மெயிலுக்குள் என்னாலேயே போக முடியவில்லை. பதினோரு நாள்! வீட்டில் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். கூகுள் கணக்கில் டூ ஸ்டெப் பகுதியிலேயே 'பேக்கப் கோட்ஸ்' என்று இருக்கும். பத்து எண்கள், ஒவ்வொன்றும் எட்டு இலக்கம், ஒன்றை ஒரு தடவைதான் பயன்படுத்தலாம். போட்டோ எடுத்து அதே போனில் வைக்காதீர்கள், போன் போனால் அதுவும் போகும். ஒரு தாளில் எழுதி ரேஷன் கார்டோடு வையுங்கள்.

அப்புறம், மகனிடம் ஒன்று கேளுங்கள்: உள்ளே போக முடியாதபோது கணக்கை மீட்க யார் நம்பரைக் கொடுத்திருக்கிறான்? நிறைய பிள்ளைகள் தங்கள் நம்பரையே போட்டுவிடுகிறார்கள். இங்கே ராத்திரி பத்தரைக்கு நீங்கள் மாட்டிக்கொண்டால் அங்கே மணி ஒன்று. எண் வந்து அவன் தலைமாட்டில் கிடக்கும்.