கியூபை வேகமாக உடைத்தால் வலிமை கூடுமா?

கேள்வி: எம்25 கான்கிரீட் (28 நாளில் ச.மி.மீ.க்கு 25 நியூட்டன் வலிமை வேண்டியது). ஒரே லாரியில் எடுத்து வார்த்த 150 மி.மீ. கியூப்கள், அதாவது சோதனைக் கனசதுரங்கள். 28ஆம் நாள் ஒரு லேபில் சராசரி வலிமை ச.மி.மீ.க்கு 27 நியூட்டன் என்றார்கள், இன்னொன்றில் 31. இரண்டாவது லேபில் ஆபரேட்டர் வால்வைத் திறந்துவிட்டு அரை நிமிடத்தில் உடைத்தார். வேகம்தான் காரணமா?

பதில்: வேகத்துக்கும் பங்கு உண்டு. ஆனால் நீங்கள் நினைக்கும் அளவுக்கு இல்லை.

கான்கிரீட் ஒரே அடியில் உடைவதில்லை. ஜல்லியைச் சுற்றி ஏற்கெனவே இருக்கும் நுண்விரிசல்கள் நீண்டு, ஒன்றோடொன்று சேர்ந்த பிறகுதான் உடைகிறது. அதற்கு நேரம் வேண்டும். அவகாசம் தராமல் சுமையை ஏற்றினால் கூடுதலாகத் தாங்கும். இதனால்தான் கான்கிரீட் சோதனைக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 516 நிமிடத்துக்கு 14 நியூட்டன்/ச.மி.மீ. என்று வேகத்தைக் கட்டியிருக்கிறது. உங்கள் கியூபுக்கு அது நொடிக்குச் சுமார் 5.25 கிலோநியூட்டன், 28 நியூட்டன் கியூப் உடைய 2 நிமிடம் ஆக வேண்டும்.

சரி, அரை நிமிடத்தில் உடைத்தால் எவ்வளவு கூடும்? வேகம் பத்து மடங்கானால் அழுத்த வலிமை சுமார் 3 சதவீதம் கூடும் என்பது வழக்கமான கணக்கு. இங்கே நாலரை மடங்குகூட இல்லை. அரை நியூட்டனுக்குச் சற்று மேலே வரும், அவ்வளவுதான். மீதி மூன்று சொச்ச நியூட்டனுக்கு வேறு இடத்தில் தேடுங்கள்.

நான் முதலில் சந்தேகப்படுவது 27 சொன்ன லேபைத்தான். உடைக்கும்போது, வார்த்த அன்று கரணையால் தேய்த்த முகம் பக்கவாட்டில் இருக்க வேண்டும். அதை மேலே வைத்தால் மேடுபள்ளத்தில் சுமை குவிந்து முன்னதாகவே உடையும். 31 சொன்ன லேபில் கியூப் காய்ந்திருந்ததா என்று கேளுங்கள். தொட்டியிலிருந்து எடுத்த ஈரத்தோடு உடைக்காவிட்டால் எண் ஏறும். அப்புறம், இரண்டு மெஷின்களின் காலிபரேஷன் சான்றிதழையும் கேளுங்கள்.

வேகம் பெரிய விஷயமாவது மிக வேகம், மிக மெதுவு என்ற இரண்டு எல்லைகளிலும்தான். வெடிப்பு, மோதல் போன்றவற்றில் வலிமை கணிசமாக ஏறும். சாதாரண இரும்பின் ஈல்டு (நிரந்தரமாக நீளத் தொடங்கும் வலிமை) இரட்டிப்பாகக்கூட ஆகலாம். மறுபக்கம், சுமை நாள்கணக்கில் அப்படியே நின்றால், லேப் வலிமையில் ஏறக்குறைய 80 சதவீதத்திலேயே கான்கிரீட் உடைந்துவிடும். ஜெர்மனியில் ரூஷ் என்ற பொறியாளர் 1960 வாக்கில் இதைக் காட்டினார். தூண் சுமப்பது இந்த மாதிரிச் சுமையைத்தான்.

அடுத்த கான்கிரீட்டில் ஆறு கியூப் எடுத்து, மூன்று மூன்றாக இரண்டு லேபுக்கும் அனுப்புங்கள். உடைக்கும்போது பக்கத்தில் நின்று மொபைலில் நேரம் பாருங்கள்.