மூளைப் படத்தில் வெள்ளைத் திட்டுகள்: மறுபடியும் பக்கவாதம் வருமா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 64. நான்கு மாதங்களுக்கு முன் லேசான பக்கவாதம் வந்து தேறிவிட்டார். ஆஸ்பிரின் சாப்பிடுகிறார். எம்.ஆர்.ஐ. அறிக்கையில் 'வெண்பொருள் மாற்றங்கள், ஃபசேகாஸ் 2' என்றிருக்கிறது. மறுபடியும் வருமா? ரத்தம் உறையாமல் தடுக்கும் இன்னொரு மாத்திரையும் சேர்க்கலாமா?

பதில்: 'வெண்பொருள் மாற்றங்கள்' என்பது படத்தில் தெரியும் வெள்ளைத் திட்டுகள்தான்; அவை நேற்று வந்தவை அல்ல. மூளையின் ஆழத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் முடியைப் போல மெல்லியவை. பல ஆண்டுகள் ரத்தக் கொதிப்பு இருந்தால் அவற்றின் சுவர் தடித்து, உள்வழி குறுகிவிடும். அதனால் நலிந்த இடங்கள்தான் படத்தில் வெள்ளையாகத் தெரிகின்றன. ஃபசேகாஸ் என்பது அந்தத் திட்டுகளை அளக்கும் முறை; 0 முதல் 3 வரையிலான அந்த அளவில் 2 என்றால், தனித்தனிப் புள்ளிகள் ஒன்றோடொன்று சேரத் தொடங்கிவிட்டன என்று பொருள்.

அறுபதைத் தாண்டிய பலருக்குச் சில புள்ளிகள் இருக்கும்; அதற்கு நான் பதறுவதில்லை. ஆனால் ஒருமுறை பக்கவாதம் வந்தவருக்குத் திட்டுகள் இந்த அளவில் இருந்தால் மறுபடியும் வரும் ஆபத்து கூடுதல்தான். அடைப்பு மட்டுமல்ல, மூளைக்குள் ரத்தக் கசிவும் வரலாம். இரண்டாவது மாத்திரை கேட்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். சிறு குழாய் அடைப்பால் பக்கவாதம் வந்த சுமார் 3,000 பேரிடம் நடந்த எஸ்.பி.எஸ்.3 ஆய்வின் முடிவு 2012இல் வெளியானது. ஆஸ்பிரினோடு, ரத்தம் உறையாமல் தடுக்கும் இன்னொரு மாத்திரையான குளோபிடோகிரெலை நீண்ட காலம் கொடுத்தும் பக்கவாதம் குறிப்பிடும்படி குறையவில்லை. ரத்தக்கசிவும் இறப்பும்தான் கூடின. தொடக்கத்தில் சில வாரங்கள் இரண்டையும் தருவதுண்டு. அப்பா அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டார். ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் ரத்த அழுத்தம் எவ்வளவு என்று ஓர் எண்கூட இல்லை. எனக்குக் கவலை அதுதான். பெரும்பாலோருக்கு 130/80க்குக் கீழே இருக்க வேண்டும். மேல்கைப் பட்டை உள்ள கருவி ஒன்று வாங்குங்கள். காலையில் மாத்திரைக்கு முன், சிறுநீர் கழித்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்து ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரட்டும். கை மேஜைமேல், நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை பாருங்கள், மாலையிலும் அப்படியே. ஒரு வாரம் நோட்டில் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். மாத்திரை அளவை மாற்ற எம்.ஆர்.ஐ. படத்தைவிட அந்த நோட்டுதான் அவருக்கு உதவும். ஊறுகாய், அப்பளம், கருவாட்டைக் குறையுங்கள். புகைப்பழக்கம் இருந்தால் இன்றே நிற்க வேண்டும். சர்க்கரை, கொலஸ்ட்ரால் மாத்திரைகள் இருந்தால் தவறக்கூடாது.

நடை குறுகிக் காலைத் தேய்த்து நடந்தாலோ, சிறுநீரை அடக்க முடியாமல் போனாலோ அடுத்த முறைவரை காத்திருக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். வாய் கோணினால், கை தளர்ந்தால், பேச்சு குழறினால் உடனே 108. அடைப்பைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும்.