குற்றத்தை ஒத்துக்கொண்டால் வழக்குச் சீக்கிரம் முடியுமா?

தங்கச்சி, தம்பியை மணல் ட்ரக்டரோட பிடிச்சிட்டினம், நாளைக்குக் கோர்ட், ஒத்துக்கொண்டால் தண்டத்தோட முடியுமாம், உண்மையோ எண்டு கேட்டிருக்கிறீங்கள். செய்யாத குற்றம் எண்டால் ஒத்துக்கொள்ள விடாதேங்கோ. நான் சட்டத்தரணி இல்லை, கனகராயன்குளத்தில தோட்டம் செய்யிறவன். என்ர மருமகனுக்கும் இதே கதை நடந்தது.

அவன் கூலிக்கு ட்ரக்டர் ஓடுற பெடியன். வீட்டுத்திட்ட வீடொண்டுக்கு மணல் கொண்டுபோகேக்க மறிச்சினம். பெர்மிற் கையில இருந்தது. அது வேற இடத்து மணலுக்கு எண்டு சொல்லி ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய், சிங்களத்தில வாக்குமூலம் எழுதி, கையெழுத்தைப் போடு எண்டினம். "தமிழில வாசிச்சுக் காட்டுங்கோ, பிறகு போடுறன்" எண்டு நிண்டிட்டான். வாங்கில கனநேரம் இருத்தி வைச்சு, கடைசியில தமிழ் தெரிஞ்ச பொலிஸ்காரர் ஒருத்தர் வந்து வாசிச்சார். அனுமதி இல்லாத இடத்தில ஏத்தினதா அவனே சொன்ன மாதிரிக் கிடந்தது. அதைத் திருத்துவிச்ச பிறகுதான் பேனையைத் தொட்டவன். விளங்கிற பாஷையில வாசிச்சுக் காட்டோணும், திருத்த விடோணும் எண்டு 1979 ஆம் ஆண்டுக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையே சொல்லுது.

பிடிச்சு 24 மணித்தியாலத்துக்குள்ள நீதவானுக்கு முன்னால கொண்டுபோகோணும். பொலிஸ் பி அறிக்கை (ஏன் பிடிச்சது எண்டு கோர்ட்டுக்குச் சொல்லுற அறிக்கை) குடுக்கும், உங்கட சட்டத்தரணி பிணை கேப்பார். 1997 பிணைச் சட்டப்படி பிணை குடுக்கிறதுதான் பொது விதி. ஆள் தவணைக்கு வராது, சாட்சியை வெருட்டும் எண்டு நீதவானுக்குப் பட்டால் விளக்கமறியல், அதாவது பிணை இல்லாமல் மறியலில வைப்பினம். (பயங்கரவாதத் தடைச் சட்ட வழக்குகள் வேற. அதைச் சொல்லி என்னோட சண்டைக்கு வராதேங்கோ.) காசு இல்லாட்டி சட்ட உதவி ஆணைக்குழுவில கேளுங்கோ, வருமானம் குறைஞ்சவைக்கு இலவசம்.

பிறகு குற்றச்சாட்டை வாசிச்சு, குற்றவாளியா சுற்றவாளியா (குற்றம் செய்யாதவனா) எண்டு கேப்பினம். குற்றவாளி எண்டால் சாட்சி விசாரணையே இல்லை, நேர தண்டனை. தண்டத்தைக் கட்டினாலும் குற்றத்தீர்ப்பு பேரில கிடக்கும், வெளிநாட்டு வேலைக்குப் பொலிஸ் சான்றிதழ் எடுக்கேக்க இடிக்கும். வாசலில நிண்டவை எல்லாரும் "கட்டிப்போட்டு வாடா" எண்டவை. இவன் சுற்றவாளி எண்டான். அதுக்குப் பிறகு சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கிறது வழக்குப் போட்டவையின்ர பாரம். மறிச்ச உத்தியோகத்தரை எங்கட சட்டத்தரணி கேட்டது ஒரு கேள்விதான்: "ஏத்தின இடத்தைப் போய்ப் பார்த்தனீங்களோ?" "இல்லை" எண்டார். விடுதலை. தவணை தவணையா இழுபட்டதும் கூலி போனதும் உண்மை, மறைக்கேல்லை.

மணல் கள்ளருக்கு வக்காலத்து எண்டு எழுதப்போறவைக்கு: ஆத்தங்கரை இடிஞ்சு மரங்கள் விழுறதை நாளாந்தம் பார்க்கிறவன் நான். இரவில போற டிப்பர்களை ஆர் மறிக்கினம்? கூலிக்கு ஓடுற பெடியள்தான் ஆப்பிடுறாங்கள்.

இன்னொண்டு. பிடிபட்ட அண்டைக்கே முகநூல் பக்கமொண்டு அவன்ர படத்தைப் போட்டு "மணல் கடத்தல்காரர் கைது" எண்டு எழுதிச்சு. விடுதலையானதையும் போடுங்கோ எண்டு நானே கேட்டன். அது பழைய நியூஸாம். அந்தப் படத்தைப் பார்த்துப் பேசி வைச்ச கலியாணமும் நிண்டு போச்சு. தம்பியின்ர படம் ஆரும் போட்டால் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கோ.

பிணைக்கு ரெண்டு பேரை இண்டைக்கே கேட்டு, கிராம சேவகரின்ர கடிதத்தையும் எடுத்திடுங்கோ. பிணையாளருக்கு அடையாள அட்டை மூலப்பிரதி வேணும், போட்டோக்கொப்பியோட வந்து நிக்க விடாதேங்கோ.