கோணேசர் மலை நகராது

வணக்கம் அண்ணா. பாடசாலைக் கண்காட்சிக்காகத் திருகோணமலையின் பழைய ஓரங்குல (ஒரு மைலை ஓரங்குலமாகக் காட்டும்) வரைபடத் தாளை ஸ்கேன் செய்து, கியூஜிஐஎஸ் (QGIS) என்ற வரைபட மென்பொருளில் இன்றைய செய்மதிப் படத்தின் மேல் வைத்தோம். தாளின் ஓரத்தில் அச்சிட்டிருந்த அகலாங்கு, நெட்டாங்குகளைக் கொடுத்தே பொருத்தினோம். பழைய கடற்கரை இன்றைய கரைக்கு 200 மீட்டர் மேற்கே, நிலத்துக்குள் விழுகிறது. கடல் இவ்வளவு பின்வாங்கியிருக்கிறதா? பதாகையில் போடலாமா?
ச., மூதூர்

அன்புள்ள தம்பிக்கு,

இப்போது போடவேண்டாம். முதலில் கோணேசர் மலையைப் பாருங்கள். அதுவும் 200 மீட்டர் மேற்கே தள்ளிக் கிடக்கிறதா? அப்படியானால் கடல் பின்வாங்கவில்லை, உங்கள் தாள்தான் நகர்ந்திருக்கிறது.

நம் பழைய வரைபடங்கள் கந்தவல (Kandawala) என்ற இடத்தை ஆதாரமாகக் கொண்டு, எவரெஸ்ட் நீளுருண்டை என்ற பூமி வடிவக் கணக்கில் வரைந்தவை. செய்மதிப் படமும் ஜிபிஎஸ்ஸும் டபிள்யூஜிஎஸ் 84 என்ற வேறொரு கணக்கில் நிற்கின்றன. ஒன்றின் எண்களை மற்றதில் அப்படியே கொடுத்தால், நம் பக்கத்தில் எல்லாமே 200 மீட்டருக்குச் சற்றுமேல் மேற்கே போய் விழும். உங்களுக்கு வந்த அளவும் திசையும் அதுவேதான். தாளைப் பொருத்தும்போது ஆள்கூற்று முறையாக ஈபிஎஸ்ஜி (EPSG) 4244, அதாவது கந்தவல, என்று தெரிவு செய்யுங்கள்.

அப்புறம் பிரெட்ரிக் கோட்டை, ஒஸ்டன்பர்க் முனை, குடாவின் தென்கரையில் ஒரு பாறை என நகராத இடங்களில் சரிபாருங்கள். நகரத்தைச் சுற்றியே பொருத்தும் புள்ளிகளை வைத்தால் மூதூர்ப் பக்கம் இழுபட்டுவிடும். மகாவலி கழிமுகத்தை மட்டும் எடுக்காதீர்கள். அது மணல், மாறிக்கொண்டேயிருக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் கரை விலகி நின்றால் அது உண்மையான செய்தி. ஆனால் இரண்டு படங்களை மட்டும் வைத்து மாற்றம் எப்போது நடந்தது என்று சொல்ல முடியாது. 2004 டிசம்பர் 26 சுனாமி ஒரே காலையில் செய்ததும் இருக்கலாம், பல பத்தாண்டு அரிப்பும் இருக்கலாம். லேண்ட்சாட் என்ற செய்மதிகளின் படங்கள் 1972இலிருந்து இலவசமாகக் கிடைக்கின்றன. தொடக்கத்தில் அவற்றின் ஒரு படப்புள்ளி (பிக்சல்) ஏறக்குறைய 80 மீட்டர், 1982க்குப் பிறகு 30 மீட்டர். அதைவிடச் சிறிய நகர்வை அவற்றில் உறுதியாகச் சொல்லாதீர்கள். ஒவ்வொரு கோட்டிலும் ஆண்டை எழுதுங்கள். தாள் அச்சான ஆண்டு அல்ல, அளந்த ஆண்டு.

எனக்கு மிகவும் ஆசையான ஒன்றையும் கேட்கிறேன். கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கும்வரை சனம் பாதையில் (மிதவைப் படகில்) ஏறித்தான் அக்கரை போனது. அந்தத் துறை எங்கே இருந்தது, வரிசை எதுவரை நின்றது என்பதைச் செய்மதிப் படத்தில் தேடிப் பயனில்லை. உங்கள் அம்மம்மாவை, அயலில் உள்ள மீன்பிடிகாரரைக் கூட்டிப்போய் நின்று காட்டச் சொல்லுங்கள். தொலைபேசியில் அந்த இடத்தைக் குறித்து, அவர்கள் சொல்லும் பெயரை அவர்கள் சொன்னபடியே தமிழில் எழுதித் தனி அடுக்காக வையுங்கள். கண்காட்சிக்கு முன் கோப்பை எனக்கு அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன்.