பழைய பிக்கப்பின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்: ஆயிலை மாற்றலாமா, தொடாமல் விடலாமா?

கேள்வி: 2004-ஆம் ஆண்டின் ஷெவர்லே சில்வராடோ 1500 பிக்கப் ஒன்றை அண்மையில் ஒரு தனிநபரிடமிருந்து வாங்கினேன். 5.3 லிட்டர் எஞ்சின், நான்கு கியர் ஆட்டோமேட்டிக், 1,48,000 மைல் ஓடியது. கியர்பாக்ஸ் ஆயில் எப்போது மாற்றப்பட்டது என்பதற்கு ஒரு ரசீதும் இல்லை. ஆனால் வண்டி எந்தக் குறையும் இன்றி ஓடுகிறது. பட்டறையில் மெஷின் வைத்து முழு ஆயிலையும் ஒரே தடவையில் மாற்றித் தருவதாகச் சொல்கிறார்கள். உடன் பணிபுரியும் நண்பரோ, இத்தனை மைல் ஓடிய கியர்பாக்ஸில் கை வைத்தால் அது அத்தோடு போய்விடும் என்கிறார். கோடையில் டிரெய்லரை இழுத்துக்கொண்டு தாஹோ ஏரிக்குப் போக எண்ணியிருக்கிறேன். யார் பேச்சைக் கேட்பது? — ஒரு வாசகர், சேக்ரமெண்டோ

பதில்: முதலில் நண்பரின் அச்சத்தை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அது பரவலாக உள்ள நம்பிக்கை; முற்றிலும் ஆதாரமற்றதும் அல்ல. பெரும்பாலானோருக்குக் கியர்பாக்ஸ் ஆயிலின் நினைவு வருவதே, கியர் வழுக்கவோ தாமதமாக விழவோ தொடங்கிய பிறகுதான். அந்த நிலையில் உள்ளிருக்கும் கிளட்ச் தகடுகளின் உராய்வுப் பூச்சு ஏற்கெனவே தேய்ந்து, அதன் துகள்கள் ஆயிலில் கலந்திருக்கும். புதிய ஆயில் ஊற்றுவதால் தேய்ந்த தகடு வளர்ந்துவிடாது. சில வாரங்களில் கியர்பாக்ஸ் நின்றுபோனால், பழி கடைசியாகச் செய்த வேலையின்மீது விழுகிறது. உங்கள் வண்டி குறையின்றி ஓடுகிறது என்கிறீர்கள். ஆகவே அந்தக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. நன்றாக ஓடும்போது மாற்றுவதுதான் இந்த வேலைக்கு உரிய காலம்.

தயாரிப்பாளரின் அட்டவணையும் இதையே சொல்கிறது. இந்த வண்டிக்குச் சாதாரணப் பயன்பாட்டில் 1,00,000 மைலுக்கு ஒரு முறையும், கடும் வெயிலில் நகர நெரிசலிலோ மலைப்பாதையிலோ ஓட்டுபவர்களுக்கும் டிரெய்லர் இழுப்பவர்களுக்கும் 50,000 மைலுக்கு ஒரு முறையும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றச் சொல்லப்பட்டிருக்கிறது. சேக்ரமெண்டோவின் கோடையில் புறப்பட்டு, 50-ஆம் நெடுஞ்சாலையில் 7,300 அடிக்கு மேல் உள்ள எக்கோ கணவாய்வரை டிரெய்லரோடு ஏறப்போகிறவர் எந்தக் கணக்கில் வருவார் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

இனி பட்டறையின் யோசனை. மெஷின் என்பது ஆயிலைக் குளிர்விக்கும் ரேடியேட்டர் குழாயில் இணைக்கப்பட்டு, பழைய ஆயில் வெளியேற வெளியேறப் புதியதை உள்ளே செலுத்துவது. எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஆயில் வழியே இணைக்கும் டார்க் கன்வர்ட்டரில் தங்கும் ஆயிலும் இதில் மாறிவிடும் என்பது உண்மையான நன்மைதான். ஆனால் ஃபில்டர் பழையபடியே உள்ளே இருக்கும், ஆயில் தட்டிலுள்ள காந்தத்தில் ஒட்டிய இரும்புத் தூளும் இருந்த இடத்திலேயே இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, உள்ளே என்ன நடக்கிறது என்பதை ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள். வரலாறு தெரியாத வண்டிக்கு நான் பணம் கொடுப்பது முக்கியமாக அந்தப் பார்வைக்காகத்தான். ஆகவே அடியில் உள்ள ஆயில் தட்டைக் கழற்றி ஃபில்டரை மாற்றும் வேலையைக் கேளுங்கள். அதை முடித்த பிறகு மெஷினையும் வைக்கிறோம் என்றால் எனக்கு மறுப்பில்லை. அதற்குப் பதிலாக மெஷின் மட்டும் என்றால் வேண்டாம்.

உங்கள் வண்டியில் இருப்பது 4எல்60-இ என்ற கியர்பாக்ஸ். 1982-இல் வந்த 700ஆர்4-இன் வழித்தோன்றலான இது, 1993 முதல் மின்னணுக் கட்டுப்பாட்டுடன், ஷெவர்லேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸின் எண்ணற்ற வண்டிகளில் பொருத்தப்பட்டது. ஆதலால் பாகங்கள் எங்கும் கிடைக்கின்றன, அதன் பலவீனங்களும் எல்லா மெக்கானிக்குகளுக்கும் தெரியும். மூன்றாம், நான்காம் கியர்களுக்கான கிளட்ச் தகடுகள் முதலில் கருகுவது அவற்றுள் ஒன்று.

தட்டைத் திறந்ததும் பார்க்க வேண்டியவை இவை. காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மாவுபோல் மென்மையான பசை இருந்தால் கவலை வேண்டாம். இத்தனை மைலுக்கு அது இயல்பு. தட்டின் அடியில் கருப்புச் சேறு தடிமனாகப் படிந்து, ஆயிலில் கருகிய வாடை அடித்தால், கிளட்ச் தகடுகள் கரைந்துகொண்டிருக்கின்றன. பித்தளை நிறச் செதில்கள் தென்பட்டால், சுழலும் தண்டுகளைத் தாங்கும் புஷ்கள் தேய்கின்றன. கையில் எடுக்கக்கூடிய அளவுக்கு எஃகுத் துண்டுகள் கிடந்தால், புதிய ஆயிலுக்கும் ஃபில்டருக்கும் மேற்கொண்டு செலவழிப்பதற்கு முன்பு கியர்பாக்ஸைப் புதுப்பிக்கும் செலவை விசாரிப்பது நல்லது. பட்டறையில் விடுவதானால், தட்டைத் துடைப்பதற்கு முன் உங்களைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் என்பதை வேலை தொடங்குமுன்பே சொல்லிவிடுங்கள். துடைத்துவிட்டால் ஒரு பானைச் சோற்றுக்குப் பதம் பார்க்க வைத்திருந்த அந்த ஒரு சோறும் போய்விடும்.

கலிஃபோர்னியாவில் வாகனப் பட்டறைகளை மேற்பார்வையிடும் மாநில அரசின் வாகனப் பழுதுபார்ப்புத் துறையின் விதிகள் உங்களுக்குத் துணை நிற்கின்றன. வேலையைத் தொடங்குமுன் எழுத்தில் மதிப்பீடு தர வேண்டும். உங்கள் ஒப்புதல் இல்லாமல் அதற்குமேல் வசூலிக்க முடியாது. வேலையை ஒப்படைக்கும்போதே கேட்டுக்கொண்டால், கழற்றிய பழைய பாகங்களை உங்களிடம் தந்தாக வேண்டும். பழைய ஃபில்டரைக் கேட்டு வாங்குங்கள். அதை வைத்துக்கொண்டு நீங்கள் ஒன்றும் செய்யப்போவதில்லை என்றாலும், மாற்றாமலே மாற்றியதாகக் கணக்கெழுதும் வாய்ப்பு அதனால் இல்லாமற்போகும்.

நீங்களே செய்வதானால் வேலை கடினமானதன்று, அழுக்கானது. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஜாக்கை மட்டும் நம்பாமல் தாங்கிகளின்மேல் உறுதியாக உட்காரவைத்துவிட்டு அடியில் செல்லுங்கள். ஆயில் வெதுவெதுப்பாக இருந்தால் போதும்; ஓட்டி நிறுத்தியவுடன் திறந்தால் கை வெந்துவிடும். தட்டை 16 போல்ட்டுகள் பிடித்திருக்கும். இடப்பக்கத்தில் கியர் கேபிளைத் தாங்கும் கிளாம்ப் ஒன்று குறுக்கே நிற்கும், சைலன்சர் குழாயும் தட்டை ஒட்டியே போகும். இவற்றைத் தளர்த்தாமல் தட்டை வெளியே எடுக்க மல்லுக்கட்டுவது வீண். தட்டில் வடிகால் போல்ட் இல்லையென்றால், ஒரு மூலையின் போல்ட்டுகளை மட்டும் தளர்வாக விட்டு மற்றவற்றைக் கழற்றி, தட்டைச் சாய்த்து மெதுவாக வடியவிடுங்கள். வடிந்ததை அளந்து வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் திரும்ப ஊற்ற வேண்டிய முதல் அளவு அதுதான்.

ஃபில்டர் திருகாணி ஏதுமின்றி, ஒரு ரப்பர் சீலின் பிடிப்பில் மேலே செருகப்பட்டிருக்கும். இழுத்தால் ஃபில்டர் வரும், சீல் பெரும்பாலும் மேலேயே தங்கிவிடும். இந்த இடத்தில்தான் பொறுமை வேண்டும். சீல் பதிந்திருக்கும் பம்ப் துவாரம் அலுமினியத்தால் ஆனது; ஸ்குரூடிரைவரால் குத்தி அதில் கீறல் விழுந்தால், பம்ப் ஆயிலோடு காற்றையும் உறிஞ்சும், அழுத்தம் குறையும், நன்றாக இருந்த கியர்பாக்ஸ் வழுக்கத் தொடங்கும். பழைய சீல் இருப்பதை மறந்து புதியதை அதன்மேல் திணித்தாலும் இதே கதிதான். மாற்றியவுடன் கியர்பாக்ஸ் போய்விட்டது என்று கேள்விப்படும் கதைகளில் சிலவற்றுக்குக் காரணம் இந்தச் சீலாக இருக்கும் என்பது என் எண்ணம்.

தட்டை மீண்டும் பொருத்தும்போது போல்ட்டுகளை 11 நியூட்டன் மீட்டர், அதாவது 97 அங்குல பவுண்டு அளவுக்குத்தான் முடுக்க வேண்டும். இதை அடி பவுண்டு என்று படித்துவிட்டால் அலுமினிய மரை அறுந்துபோகும். வண்டியோடு வந்த கேஸ்கெட் ரப்பருக்குள் உலோகத் தகடு வைத்தது. கிழியாமல் இருந்தால் அதையே திரும்பப் போடலாம். பலநேரம் புதிய ஃபில்டரோடு கிட்டில் வரும் கார்க் கேஸ்கெட்டைவிட அது மேலானது.

தட்டைக் கழற்றி எடுத்தால் ஏறத்தாழ 5 குவார்ட், அதாவது 4.7 லிட்டர்தான் வெளியேறும். மொத்தக் கொள்ளளவு 11 குவார்ட்டுக்குச் சற்று மேல். ஆகவே முதல் தடவையில் பாதிக்கும் குறைவாகவே புதிதாகிறது. சில ஆயிரம் மைல் ஓட்டிவிட்டு இன்னொரு முறை வடித்து ஊற்றினால் ஏறத்தாழ 70 சதவீதம் புதிதாகிவிடும். இதற்காகவே வடிகால் போல்ட் உள்ள தட்டு ஒன்றை இப்போதே வாங்கிப் போட்டுவிடுவது புத்திசாலித்தனம். ஆனால் தட்டுகள் ஆழத்தில் இரு வகை, ஃபில்டரும் அதற்கேற்ப மாறும். கடைக்குப் போகும்போது பழைய ஃபில்டரைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

ஆயிலைப் பொறுத்தவரை டெக்ஸ்ரான் 6 வாங்குங்கள். உங்கள் வண்டியின் கையேட்டில் டெக்ஸ்ரான் 3 என்றிருக்கும். அந்தத் தரத்துக்கான உரிமங்களை ஜெனரல் மோட்டார்ஸ் 2006-ஆம் ஆண்டின் முடிவோடு நிறுத்திக்கொண்டது. அதற்குப் பதிலாக வந்த டெக்ஸ்ரான் 6 பழைய வண்டிகளுக்கும் பொருந்தும். இன்றும் டெக்ஸ்ரான் 3-க்கு ஏற்றது என்ற வாசகத்துடன் விற்கப்படும் மலிவான ஆயிலுக்கு அந்நிறுவனத்தின் உரிமம் கிடையாது. உரிமம் பெற்ற டெக்ஸ்ரான் 6 பாட்டிலில் ஜே என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் உரிம எண் அச்சிடப்பட்டிருக்கும். அதைத் தேடிப் பார்த்து வாங்குங்கள்.

ஊற்றியபின் எஞ்சினை ஓடவிட்டு, பிரேக்கை அழுத்தியபடி எல்லா கியர்களுக்கும் ஒரு சுற்றுப் போய்வந்து, லிவரை பார்க் நிலையில் வைத்து, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். இறுதி அளவை, 15 மைல் ஓட்டி ஆயில் 82 முதல் 93 டிகிரி செல்சியஸ்வரை சூடான பிறகே முடிவு செய்ய வேண்டும். கொஞ்சம் குறைவாக ஊற்றிவிட்டுப் பிறகு சேர்ப்பது எளிது. கூடுதலாக ஊற்றியதை எடுப்பது பெரும்பாடு. மலை ஏறும்போது கியர் லிவரின் முனையில் உள்ள டிரெய்லர் பொத்தானை அழுத்தி வைத்துக்கொள்ளுங்கள். மூன்றுக்கும் நான்குக்கும் இடையே கியர் அலைபாய்வது குறையும், ஆயிலும் அவ்வளவாகச் சூடேறாது.

கேள்வி: 2003 ஃபோர்டு எஃப்-150, 4.6 லிட்டர் வண்டியின் தட்டைத் திறந்தபோது உள்ளே ஒரு பிளாஸ்டிக் மூடி கிடந்தது. எந்தப் பாகத்திலிருந்து உடைந்தது என்று தெரியாமல் வேலையை அப்படியே நிறுத்தி வைத்திருக்கிறேன். சில்வராடோ வைத்திருக்கும் என் தம்பியிடம் மிச்சமிருக்கும் ஆயிலை இதில் ஊற்றலாமா? — ஒரு வாசகர், ஃபிரெஸ்னோ

பதில்: அது எதிலிருந்தும் உடைந்ததல்ல. தொழிற்சாலையில் டிப்ஸ்டிக் குழாய் பொருத்தும் துவாரத்தைத் தூசி போகாமல் அடைத்திருந்த மூடி அது. குழாயைச் செருகும்போது உள்ளே தள்ளப்பட்டு, தட்டில் விழுந்து கிடக்கிறது. ஃபோர்டு வண்டிகளில் இது வழக்கம். எடுத்து எறிந்துவிட்டு வேலையைத் தொடருங்கள். அது இன்னும் உள்ளே இருந்தது என்றால், இருபது ஆண்டுகளாக இந்தத் தட்டை ஒருவரும் கழற்றவில்லை என்று கொள்ளலாம். ஆகவே ஃபில்டரைக் கட்டாயம் மாற்றுங்கள். தம்பியின் ஆயில் வேண்டாம். உங்கள் கியர்பாக்ஸுக்குரியது ஃபோர்டின் தரமான மெர்கான் 5 ஆயில். வடித்த பழைய ஆயிலைச் சாக்கடையில் கொட்டாமல், குளிரூட்டி நீரோ பிரேக் திரவமோ கலக்காமல் மூடிய கேனில் எடுத்துச் சென்றால், பழைய எண்ணெய் சேகரிப்பு மையங்களில் கட்டணமின்றி வாங்கிக்கொள்வார்கள்.

கேள்வி: பழைய சில்வராடோ ஒன்றை விலை பேசிக்கொண்டிருக்கிறேன். டிப்ஸ்டிக்கில் ஆயில் பளிச்சென்ற சிவப்பாக இருக்கிறது. நம்பி வாங்கலாமா? — ஒரு வாசகர், ஸ்டாக்டன்

பதில்: சிவப்பு நிறம், ஆயில் புதியது என்பதை மட்டுமே காட்டும், ஏன் புதியது என்பதை ரசீதுதான் காட்ட வேண்டும். ரசீது இல்லாவிட்டால் வண்டியை ஓட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள். குளிர்ந்த எஞ்சினை இயக்கி ரிவர்ஸ் போட்டால் ஓரிரு நொடிக்குள் கியர் விழுந்ததை உணர வேண்டும். முதல் பதிலில் சொன்ன 4எல்60-இ கியர்பாக்ஸில் சன் ஷெல் என்ற பாகம் உடைந்தால் ரிவர்ஸ், இரண்டு, நான்கு ஆகிய மூன்றும் ஒருசேரப் போய்விடும். ஆகவே முதல் கியரில் நன்றாகக் கிளம்புகிறது என்பதை வைத்து ஏமாந்துவிடாதீர்கள். நெடுஞ்சாலையில் அரை மணி நேரமாவது ஓட்டி ஆயில் நன்றாகச் சூடான பிறகு, ஸ்கேனர் வைத்து பி1870 என்ற பிழைக் குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். கன்வர்ட்டர் வழுக்குவதை அது காட்டும், ஆயில் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வ் பாடியில் ஏற்படும் தேய்மானமே அதற்கு வழக்கமான காரணம். குறியீட்டை அழித்துவிட்டு விற்பவர்களும் உண்டு. வண்டியின் கணினி தன் சோதனைகளை இன்னும் முடிக்கவில்லை என்று ஸ்கேனர் சொன்னால், குறியீடுகள் அண்மையில் அழிக்கப்பட்டிருக்கலாம் அல்லது பேட்டரி கழற்றப்பட்டிருக்கலாம். நீங்கள் போய்ச் சேரும்போதே எஞ்சின் சூடாக இருந்தால், இன்னொரு நாள் காலையில் வருவதாகவும், அதுவரை வண்டியை இயக்க வேண்டாம் என்றும் விற்பவரிடம் சொல்லிவிட்டுத் திரும்புங்கள்.